மிக் என்றால் விருந்தாளி

2009இல் ஹவுன்ஸ்லோவில், விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் இடத்தில் வேலை செய்தேன். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் ஹாலந்து. எனக்குச் சோறு போட்ட டச்சு மொழி, லண்டனுக்கு வந்தபின் பேச ஆளில்லாமல் வாய்க்குள்ளேயே கிடந்தது. ஒருநாள் தேநீர் இடைவேளையில் ரொட்டியைப் பார்த்து 'மிக்' என்று சொல்லிவிட்டேன். டச்சுக்காரர் ஒருவகை ரொட்டியை அப்படித்தான் சொல்வார்கள்.

சூப்பர்வைசர் தென்னாப்பிரிக்கப் பெண். அவருடைய ஆஃப்ரிகான்ஸில் மிக் என்றால் குறிபார்ப்பது. கவண் செய்ய வெட்டும் கவட்டுத்தடியும் அதுதானாம். எதிரே இருந்த அல்பேனியர், கொசோவோவிலிருந்து வந்தவர், நெஞ்சில் கைவைத்து, "எங்களுக்கு மிக் என்றால் நண்பன். வீட்டுக்கு வரும் விருந்தாளியும் மிக்தான்" என்றார்.

சொல் ஒன்று கையில் கிடைத்தால் நான் லேசில் விடமாட்டேன். நூலகத்துக்குப் போய் அகராதிகளைப் புரட்டினேன். ரொட்டி, துணுக்கு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம். அல்பேனிய நண்பன், நண்பனுக்கான லத்தீன் சொல்லிலிருந்து. குறிபார்ப்பது டச்சுக்காரர் கப்பலேறித் தெற்கே கொண்டுபோனது. ரொட்டிக்கும் நண்பனுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. எனக்குப் பெரிய ஏமாற்றம்.

அந்த வைகாசியில் சொற்களே வெறுத்துப்போயின. அக்கா என் வீட்டில்தான் இருந்தாள். அத்தான் முந்தைய வருடம் தன் தகப்பனைக் கூட்டிவர வன்னிக்குப் போனவர். விமான நிலையத்தில் "போயிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார். தை மாதத்தோடு போன் நின்றுவிட்டது. சண்டை முடிந்தது என்று செய்தி வந்த பிறகும், ஆள் இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல ஒருவருமில்லை.

ஈஸ்ட் ஹாமிலிருந்து சொந்தக்காரர் வந்தார்கள். அழுதார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், பிறகு பேசாமல் எழுந்து சப்பாத்தை மாட்டிக்கொண்டு போனார்கள். செத்தவீட்டில் "போயிட்டு வாறம்" என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. அது எங்கள் வழக்கம். அவர்களுக்கு அது தன்பாட்டில் வந்துவிட்டது. நானும் கவனிக்கவில்லை.

அக்கா கவனித்தாள். "ஏன் ஒருத்தரும் சொல்லிப்போட்டுப் போகேல்ல? இது செத்தவீடே?"

அவர்கள்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் நானும் அத்தானை மனதுக்குள் புதைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். அது எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த ஞாயிறு, வேலையிடத்தில் விஷயம் கேள்விப்பட்ட அல்பேனியர் ஒரு ரொட்டியோடு வீட்டுக்கு வந்தார். ஒரு மணித்தியாலம் இருந்தார், பேசியது கொஞ்சம். எழுந்ததும் நெஞ்சில் கைவைத்து, நான் வேலையிடத்தில் சொல்லிக்கொடுத்திருந்த ஒரே தமிழை உரக்கச் சொன்னார்: "போயிட்டு வாறன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்கா எழுந்து அவரோடு வாசல்வரை நடந்தாள்.

"ஓம், போயிட்டு வாங்கோ" என்றாள்.

அடுத்த ஞாயிறு அழைப்புமணி அடித்தபோது நான் குசினியில் நின்றேன். அக்காதான் கதவைத் திறந்தாள்.

"தம்பி, சொல்லிப்போட்டுப் போனவர் வந்திட்டார்" என்று கூப்பிட்டாள்.

ஈரக்கையோடு, அத்தான்தான் என்று நினைத்து ஓடினேன். வாசலில் அல்பேனியர் ரொட்டியோடு நின்றார்.