மூணு ராணியைக் கீழே வைத்த மனுசன்

கோவிட் அடங்கி எல்லாம் திறந்த சமயம். சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம், உலு திராம்ல ஒரு டயாலிசிஸ் சென்டர்ல வாரத்துக்கு மூணு நாள் படுத்துக் கிடப்பேன். எனக்கு அப்ப நாப்பது வயசுகூட ஆகல. யார்கிட்டயும் சிரிச்சுப் பேச மாட்டேன், எல்லாரையும் பார்த்தா எரிச்சலா வரும்.

பக்கத்து நாற்காலியில பண்டார் தெங்காராங்கிற ஊர்ல இருந்து ஒரு அண்ணன் வருவாரு. எண்ணெய் எடுக்கற செம்பனைக் குலை ஏத்தற லாரி ஓட்டினவரு. அவர்தான் எனக்கு போக்கர் சொல்லிக் கொடுத்தாரு. ரெண்டு பேருக்கும் ஒரு கை மெஷின்ல மாட்டியிருக்கும், அதனால நர்ஸ்தான் சீட்டு கலைச்சுப் போடணும். பந்தயம் பல்குச்சி.

கையில ஆளுக்கு ரெண்டு சீட்டு. நடுவுல மொதல்ல மூணு, அப்புறம் நாலாவது, கடைசியா அஞ்சாவது. அண்ணனுக்கு அந்த நாலாவதுதான் எல்லாம். "மூணு சீட்டுக்கு எவனும் பந்தயம் வைப்பான் தங்கச்சி. எதிர்ல ஒரே ஆளுன்னா நாலாவதுலயும் வை. அங்க சும்மா இருந்தா, வந்து எடுத்துக்கோன்னு சொல்ற மாதிரி." சொன்னபடியே செய்வாரு. கையில குப்பை இருந்தாலும் நாலாவதுல பல்குச்சியைத் தள்ளுவாரு. நான் பயந்து மடக்கிடுவேன், சீட்டைக் கவுத்து வச்சு அந்த ஆட்டத்தையே விட்டுடுவேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, நடுவுல ஒரு ராணி விழுந்துச்சு. அண்ணன் வச்சாரு. நாலாவதா ஏதோ சின்ன சீட்டு. அவரு பல்குச்சி வைக்காம, மேசையை விரலால தட்டிட்டு சும்மா இருந்தாரு. சரி, பொறி வைக்கறாருன்னு நெனச்சேன். இருந்தும் வீம்புக்கு என் பல்குச்சி மொத்தத்தையும் தள்ளினேன். அவரு சீட்டைக் கவுத்து வச்சுட்டாரு.

மடக்கின சீட்டைப் பார்க்கக் கூடாது. ஆனா எனக்குப் பொறுக்கல, திருப்பிப் பார்த்தேன். ரெண்டு ராணி. நடுவுல இருந்ததோட சேர்த்து மூணு, லேசுல தோக்காத கை.

"இதையா அண்ணே மடக்கறீங்க?"

"ஜெயிச்சு என்னத்தப் பண்ண? வர்ற வியாழக்கிழமையில இருந்து நான் இங்க வரல லா. பையன் என்னைக் கூட்டிட்டு வரவே சிங்கப்பூர் வேலையை விட்டுட்டான். போதும்."

வராம இருந்தா என்ன ஆகும்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. சாயங்காலம் கார் கிட்ட நின்ன அவரு பையன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவன் அப்படியே ஓரமா உட்கார்ந்துட்டான்.

வியாழக்கிழமை அந்த நாற்காலி காலி. நான் வாசக் கதவையே பார்த்துக்கிட்டு இருந்தேன். ரொம்ப நேரம் கழிச்சு பையனும் அவன் அம்மாவும் ரெண்டு பக்கமும் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. அண்ணன் என் மூஞ்சியைப் பார்க்கவே இல்ல. மெஷின் முடியற நேரத்துல நர்ஸைக் கூப்பிட்டு, "சீட்டை எடும்மா"ன்னாரு. நாலாவது சீட்டு வந்ததும் பல்குச்சியைத் தள்ளினாரு.

அதுக்கப்புறம் சில மாசம், தைப்பூசம் வரைக்கும் வந்தாரு. கால் வீங்கி, கண்ணு மங்கி, கடைசியில சீட்டை நான்தான் படிச்சுச் சொல்லணும். தூக்கத்துலயே போயிட்டாரு. எனக்கு ஒரு நாளும் நன்றி சொன்னதில்ல. ஒரே ஒரு தடவை, "நீ சொல்லாம இருந்திருக்கலாம் தங்கச்சி"ன்னாரு, கோவமே இல்லாம.

இப்ப அந்த நாற்காலியில ஒரு அம்மா வராங்க, அவங்களுக்கு சீட்டு தெரியாது. ஆனா வழக்கமா பேசற ஆளு ஒருநாள் பேசாம இருந்தா நான் விடமாட்டேன், என்னன்னு கேட்டுடுவேன். அண்ணனுக்கு அந்த மாசங்களை நான் வாங்கிக் கொடுத்தேனா, தலையில சுமத்தினேனாங்கிறது மட்டும் இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.