உள்ளங்கையில் ஒரு சொட்டு பர்பன்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பள்ளிக்கூடமும் என்னைத் தேடி வரவில்லை. என் மகள் அப்படியில்லை. டீச்சர் டிரெய்னிங்கில் முதல் வருஷத்தை முடித்துவிட்டாள். இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருந்தபோது நல்ல வரன் வந்தது.

மாப்பிள்ளையின் அப்பா ராயபுரத்துக்காரர். கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பூ வைக்க வந்தவர், காப்பி டம்ளரைக் கீழே வைக்கும் முன்பே கல்யாணத்தைத் தை மாசத்தில் வைத்துவிட்டார்.

"பரீட்சை சித்திரையில வருது சம்பந்தி. எழுதிட்டு வரட்டுமே" என்றேன்.

"படிச்ச வரைக்கும் போதும்மா. எங்க வூட்டுல யாருக்குப் பாடம் நடத்தப் போவுது?"

அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்த மகள், விடாதே என்கிற மாதிரி என் முந்தானையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். கொஞ்சம் விட்டிருந்தால் சபையில் மானம் போயிருக்கும்.

அதற்குள் அவர் கப்பல் கதைக்குப் போய்விட்டார். எந்தத் துறைமுகத்தில் எதைக் குடித்தார் என்று வரிசையாக வந்தது. கடைசியில், பர்பன் மாதிரி ஒரு சரக்கு உலகத்திலேயே கிடையாது என்று முடித்தார்.

"அது இன்னா சம்பந்தி, கஷாயமா?" என்று அப்பாவி மாதிரி கேட்டேன்.

"கஷாயமா? அமெரிக்காக்காரன் மக்காச்சோளத்துல காய்ச்சுறதும்மா. உள்பக்கம் கருக்குன மரப்பீப்பாயில வருஷக்கணக்கா ஊறும். கிட்ட கொண்டு போனாலே ஐஸ்கிரீம் வாசனை அடிக்கும். தறிக்காரங்க ஊர்ல பட்டு கிடைக்கும், பர்பன் எங்க கிடைக்கப் போவுது? அசல் பாட்டில் ஒண்ணு வாங்கிக் குடு, நீ சொல்ற மாசத்துல கல்யாணத்த வெச்சுக்கலாம்."

"நாலு பேரு கேட்டுக்கினு இருக்காங்க, சம்பந்தி."

"கேக்கட்டும். கப்பக்காரன் பேச்சு மாறமாட்டான்."

அவர்கள் போனதும் என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்தார். "ஒரு சேலைக் கூலி தர்றேன். அதுக்கு மேல எங்கிட்ட கேக்காத" என்றார். எங்கள் தறியில் ஒரு சேலை இறங்க இரண்டு வாரம் ஆகும். அதை அப்படியே ஒரு பாட்டிலுக்குத் தருகிறேன் என்றதே பெரிய மனசுதான்.

மூன்று தெரு தள்ளி ஃபாரின் சாமான் விற்கிறவள் ஒருத்தி இருந்தாள். சிங்கப்பூரிலிருந்து அவள் சொந்தக்காரர்கள் கொண்டுவருகிற சோப்பு, சென்ட், நைலக்ஸ் சேலை எல்லாம் அவளிடம் கிடைக்கும். டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வேறு சிலதும் படுத்திருக்கும். அது தெருவுக்கே தெரியும், யாரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டோம். என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு அவளிடம் போனேன்.

பர்பன் என்று இரண்டு பாட்டில் எடுத்து வைத்தாள். ஒன்று தங்க நிற அட்டைப்பெட்டிக்குள் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. இன்னொன்றுக்குப் பெட்டியே இல்லை. மேலே ஒட்டியிருந்த காகிதமும் பாதி கிழிந்திருந்தது.

என் வீட்டுக்காரருக்குத் தங்கப்பெட்டியை விட்டுக் கண் நகரவில்லை. "இதத்தான் வாங்கணும். மீதிக்குக் கடன் வாங்கிக்கலாம்" என்று என் காதில் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பட்டு வாங்க வருகிறவர்களுக்கு முதலில் முந்தானையைத்தான் விரித்துக் காட்டுவோம். சரிகை பளபளத்தால் அவர்கள் சேலையின் உடம்பைப் புரட்டிப் பார்க்க மாட்டார்கள். அந்த வித்தையை ஊருக்கெல்லாம் காட்டுகிற மனுஷன், தனக்கு ஒருத்தி காட்டினால் விழுந்துவிடுகிறார்.

தங்கப்பெட்டிப் பாட்டிலை எடுத்து மூடி ஓரத்தைத் தடவினேன். பிசுபிசுத்தது. விரலை உள்ளங்கையில் தேய்த்து மூக்கில் வைத்தேன். வெல்லப்பாகு வாசனை. மூடியை யாரோ கழற்றி மறுபடி மாட்டியிருக்கிறார்கள். மக்காச்சோளத்துக்கும் வெல்லத்துக்கும் என்ன சம்பந்தம்?

கிழிந்த காகிதக்காரனின் கழுத்தைத் தடவினேன். காய்ந்து கிடந்தது. ஒரு வாசனையும் இல்லை.

"இதத் தொறந்து காட்டுமா" என்றேன்.

"தொறந்தா நீதான் வாங்கணும்க்கா. அப்புறம் நான் யார் தலையில கட்டறது?"

"பட்டு விக்கும்போது நாங்க ஒரு நூலப் பிரிச்சு, கொளுத்திக் காட்டறோம் இல்ல? முடி கருகுன நாத்தம் வந்தாத்தான் அசலுன்னு வாங்கறாங்க."

"நூலு போனா சேலை குறையாதுக்கா. சீல் போனா பாட்டில் போச்சு."

அவள் சொன்னதும் நியாயம்தான். பொய்யாக இருந்தால் கூலியும் போகும், மகளின் படிப்பும் போகும். என் வீட்டுக்காரர் சாமி கும்பிட ஆரம்பித்தார். நான் மூடியைத் திருகினேன். நறுக்கென்று உடைந்தது.

ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு, பட்டு நூலைத் தேய்க்கிற மாதிரி தேய்த்தேன். முதலில் காட்டம் மூக்கைக் குத்தியது. அது பறந்ததும் அனலில் வாட்டிய சோளக்கதிர் வந்தது. பின்னாலேயே கருகின கட்டை. கடைசியில், கோயில் திருவிழாவில் விற்கிற ஐஸ்கிரீம். கப்பல்காரர் சொன்ன அத்தனையும் என் கையில் வரிசையில் நின்றன. கொண்டுபோன கூலியிலேயே விலை படிந்தது. பெட்டி இல்லாத பொருளுக்கு அவள் அதிகம் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராயபுரம் போனோம். சம்பந்தி பாட்டிலைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"சீல் ஒடைஞ்சு கெடக்குது. யார் குடிச்ச மிச்சம்மா இது?"

"பாக்காம குடுத்துப் பழக்கமில்ல சம்பந்தி. குடிச்சுட்டுப் பேசுங்க."

டம்ளரில் ஊற்றி முகர்ந்தார். ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். அவர் சம்சாரமும் பிள்ளையும் என் வீட்டுக்காரரும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு வாய் வைத்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தார்.

"இத யாரு பாத்து வாங்குனது?"

என் வீட்டுக்காரர் என்னைக் காட்டினார்.

"எப்படிம்மா கண்டுபுடிச்ச?"

"நீங்கதான பாடம் நடத்துனீங்க. உள்ளங்கையில ஒரு சொட்டு தேச்சேன், நீங்க சொன்னதெல்லாம் இருந்துச்சு."

பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "ரெண்டு விரல் அளவு குறையுதேம்மா. அவ்ளோ பெரிய உள்ளங்கையா?"

"தறி போட்ட கை, சம்பந்தி. பெருசாத்தான் இருக்கும்."

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்து முடித்துச் சம்சாரத்தைக் கூப்பிட்டார். "அந்தப் பஞ்சாங்கத்த எடு. தையில வேணாம். வைகாசியில ஒரு நல்ல நாளாப் பாரு, பொண்ணு பரீட்சை எழுதட்டும்" என்றார்.

மகள் எழுதினாள், தேறினாள், வைகாசியில் தாலி கட்டிக்கொண்டாள். அந்த இரண்டு விரல் எங்கே போனது என்று என் வீட்டுக்காரர் இன்றுவரை கேட்கவில்லை. பாட்டில் வாங்கி வந்த அன்று ராத்திரி நான் ஏன் அவ்வளவு நன்றாகத் தூங்கினேன் என்றும் கேட்கவில்லை.