கமால் பாய் கேட்ட ஒரு நாள் விடுமுறை

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு வரும் காலை பஸ்ஸின் கண்டக்டர் என் டைப்பிங் கடை வாசலில் நின்று, "சைக்கிள் கடை கமால் பாய் பூட்டாரு சார், விடியக்காலைல" என்றார். கடையை மூடிவிட்டு, அதே பஸ் திரும்பும்போது ஏறிக்கொண்டேன்.

உங்களில் பலருக்கு அவர் பிரேக் பிடிக்காத வாடகை சைக்கிள்களின் சொந்தக்காரர். எனக்கு அவர் பத்து வருடம் ஒரே மனுவைத் தூக்கிக்கொண்டு வந்த மனிதர். எழுபதுகளின் தொடக்கத்தில் முதல் தடவை வந்தபோது, தோணிக்கார மாசிலாமணி பெயரில் வருடத்துக்கு ஒரு நாள் அரசு விடுமுறை வேண்டும் என்று அடிக்கச் சொன்னார். யார் அந்த மாசிலாமணி என்று கேட்டேன். வெள்ளைக்காரன் காலத்துப் புயல் ஒன்றில், ஏரியின் தீவுக் குப்பங்களில் மாட்டிக்கொண்டவர்களை நடை நடையாகக் கரை சேர்த்தவராம். மிச்சம் இருந்த சிலருக்காகக் கடைசியாக ஒரு நடை போனவர் திரும்பவில்லை. பாயின் கொள்ளுப்பாட்டி கைக்குழந்தையாக அந்தத் தோணியில் வந்தவர். "அந்தத் தோணி இல்லேன்னா நான் ஏது தம்பி?" என்றார். பொன்னேரியில் இதைவிட மொக்கையான காரணங்களுக்கெல்லாம் மனு அடித்திருக்கிறேன். அடித்துக் கொடுத்தேன்.

ஒரு ஆபீசில் ஆதாரம் கேட்டார்கள். இன்னொன்றில் தேதி கேட்டார்கள். பாய் தன் கடையிலேயே நல்ல சைக்கிளாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, குப்பம் குப்பமாகப் போய் வயசானவர்களை விசாரித்தார். ஐப்பசி அமாவாசைக்கு மூன்றாம் நாள் என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னது அவருக்குப் பெரிய சந்தோஷம். அதையும் சேர்த்து அடித்தோம். அதற்குப் பதிலே வரவில்லை. ஒரு வருடம் அவராகவே சொன்னார்: "கவர்மெண்ட்டு லீவு வுட்டா ஆபீசுக்குத்தான் லீவு. ஏரிக்கு லீவு வுட வேண்டியது குப்பத்துக்காரங்கதானே?"

அப்படித்தான் மனு ஊர்க்கூட்டத்துக்குப் போனது. அன்றைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மாசிலாமணியின் சொந்தக் குப்பம் அது. வருடத்தில் அந்த ஒரு நாள் யாரும் வலை போடுவதில்லை என்று பெரியவர்கள் ஒரே பேச்சில் ஒத்துக்கொண்டார்கள். பாய் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் அந்த ஏரியில் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. நல்ல மீன் விழும் இடத்தில் இன்று இவர்கள், நாளை அவர்கள் என்று சீட்டுப் போட்டு வலை போடுவார்கள். தவறிய பாடு அந்தச் சுற்றில் திரும்பி வராது. அந்த வருடம் அந்த நாள் யாருடைய பாடு என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை. அது கன்னியம்மாவின் வீட்டுப் பாடு. புருஷனை இழந்து, தம்பியை நம்பிப் பிழைத்தவர். இறால் மும்முரமாக விழும் நேரம் வேறு. அவர் எழுந்து, சத்தம் போடாமல் கேட்டார்:

"ஊரையே கரை சேத்தவருக்கு நானும் கும்பிடு போடுறேன் பாய். அன்னிக்கு என் வூட்ல மட்டும் ஒல வெக்கக் கூடாதுன்னா அது இன்னா நாயம்?"

பாய் பெரியவர்களிடம் திரும்பி, அவருக்கு மட்டும் வேறு நாள் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினார். ஒருத்தருக்கு முறையை மாற்றினால் அப்புறம் ஆளாளுக்குக் கேட்பார்கள் என்று மறுத்துவிட்டார்கள். பாய் எழுந்து, "அப்ப வேணாங்க. லீவு வேணாம்" என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பத்து வருட உழைப்பை ஒரு நிமிஷத்தில் ஏரியில் போட்டுவிட்டீர்களே, உங்களை நம்பி டைப் அடித்த நான்தான் முட்டாள் என்று பஸ் ஸ்டாண்டு வரை திட்டிக்கொண்டே வந்தேன். பஸ் ஏறும்போதுதான் அவர் வாயைத் திறந்தார்: "ஒருத்தரை மட்டும் தீவுலயே வுட்டுட்டு வந்திருந்தா, அவரு மாசிலாமணியா தம்பி?" அதற்கப்புறம் அவர் என் கடைக்கு வரவில்லை. நானும் போய்ப் பார்க்கவில்லை. இன்றைக்கு நினைத்தால் அழுகை வருகிறது.

அடக்கத்துக்கு நான் போனபோது பாய் வீட்டுத் தெருவில் கன்னியம்மா நின்றிருந்தார். ஏரியில் சில படகுகள் வலை போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து எனக்கு மனசு கசந்திருந்தது. அந்த மனிதருக்காக ஒரு நாள்கூட நிறுத்தவில்லையா என்று அவரிடமே கேட்டுவிட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். குப்பத்து ஆண்கள் விடிந்ததும் பாய் வீட்டுக்கு வந்து, இன்றைக்கு யாரும் வலை போட மாட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள். பாயின் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்.

"இன்னிக்கு யாரோட பாடு?"

யாருடையது என்று அவர்கள் சொன்னார்கள். "அப்ப அவங்க போவட்டும். அவரு இருந்தா அதான் சொல்லியிருப்பாரு" என்றாராம் அந்த அம்மா.

மத்தியான லுகர் தொழுகை முடிந்து பாயைத் தூக்கியபோது, தோள் கொடுத்தவர்களில் பாதிப் பேரின் கைலி ஏரித் தண்ணீரில் நனைந்திருந்தது. அடக்கம் செய்யும் மையவாடி வரைக்கும் அவர்கள் தோள் மாற்றிக்கொண்டே வந்தார்கள். நான் பின்னாலேயே நடந்தேன்.

அந்த விடுமுறை எந்தக் காலண்டரிலும் வரவில்லை, இனியும் வராது. என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம். யார் மனு கொண்டுவந்தாலும், இது கிடைத்தால் யாருக்காவது இடைஞ்சலா என்று கேட்டுவிட்டுத்தான் டைப் அடிக்க உட்காருகிறேன். கேட்ட வேலையைச் செய்யுங்கள் என்று சிலர் எரிந்து விழுகிறார்கள். அவர்களிடம் எனக்குக் கோபமில்லை. நானும் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு வரை அப்படிக் கத்தியவன்தான்.