தபாலில் போன மடி

உத்தமபாளையம் தபாலாபீசுக்கு மேளதாளத்தோடு வந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் கோம்பைச் செல்லப்பாண்டி. நந்தன வருசம் மாசி மாதம், வெயில் உறைக்கத் தொடங்கிய வேளை. முன்னால் தவிலும் நாயனமும், பின்னால் தாம்பாளம் ஏந்திய ஏழு பெண்கள், நடுவில் புது எட்டு முழ வேட்டியும் தோளில் துண்டுமாகச் செல்லப்பாண்டி. இடது காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார். யார் வீட்டு விசேஷமோ என்று கடைத்தெரு எட்டிப் பார்த்தது. ஊர்வலம் எந்த வீட்டுக்குள்ளும் நுழையாமல் நேரே தபாலாபீசு வாசலில் போய் நின்றதும் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அதுவரை தபாலில் அவர் ஒரு துரும்பைக்கூட அனுப்பியதில்லை. சீர் கொண்டுபோகத் தெரியும். அதை எப்படிக் கொண்டுபோவது முறையோ அப்படியே கொண்டுவந்துவிட்டார்.

செல்லப்பாண்டி கனவு காண்கிற ஆள். உழுதுகொண்டிருப்பார், மேற்கு மலையில் மேகம் இறங்குவதைப் பார்த்தால் அப்படியே நின்றுவிடுவார். மாடுகளுக்கு இது பழகிப்போய், அவர் நிற்பதற்கு முன்பே அவை நின்றுவிடும். மனைவி வெள்ளையம்மாள் கஞ்சிக் கலயத்தோடு வந்து, "மேகத்தோட எம்புட்டுத் தூரம் போயிருக்கீக? கஞ்சி குடிக்கத் திரும்பி வருவீகளா?" என்று கேட்பாள். அவர் சிரித்துக்கொண்டே கையை நீட்டுவார். கோபம் வராத மனுசன். அதுவே அவளுக்குச் சில நாள் பெரிய கோபம்.

மூன்று வருசத்துக்கு முன்னால் கிணற்றில் மாடு பூட்டிக் கமலை இறைக்கும்போதும் இப்படித்தான் நடந்தது. வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்து, சரிவில் மாடுகளோடு இறங்கிக்கொண்டிருந்தார். கயிறு நைந்திருந்ததைப் பக்கத்துத் தோட்டக்காரர் பார்த்தார். இவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு அறுந்தது, கல்லில் விழுந்தார், இடது தொடை முறிந்தது. வைத்தியர் எலும்பைக் கூட்டிக் கட்டினார். எலும்பு கூடிவிட்டது, ஆனால் கால் மூன்று விரற்கடை குட்டையாகிப் போனது. அதோடு தூரத்து நடை முடிந்தது.

நடையோடு ஒரு வாக்கும் போயிற்று. அதுதான் அவரை அரித்தது.

தங்கை மொக்கம்மாள் பதினாறு வருசத்துக்கு முன்னால், தாது வருசப் பஞ்சத்தில் புருசனோடு கண்டிச் சீமைக்குப் போனவள். நடந்தே போய்க் கடலேறி, அந்தப் பக்கம் காட்டுக்குள் மறுபடி நடந்து, காப்பித் தோட்டத்தில் சேர்ந்தார்கள். இப்போது அது தேயிலைத் தோட்டமாகிவிட்டதாம். அவள் புறப்பட்ட அன்று ஊர் எல்லையில் நின்று அழுதபோது, செல்லப்பாண்டி சொன்னார்: "அழாத ஆத்தா. ஒனக்கு ஒரு புள்ள பெறக்கட்டும். காது குத்துற அன்னிக்கு நான் அங்கன வந்து மடி போட்டு உக்காருவேன்."

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். அது எங்கள் பக்கத்துச் சட்டம். துரைமார் எழுதின சட்டமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

போய்ப் பதினாலு வருசம் வரை மொக்கம்மாளுக்குப் பிள்ளை இல்லை. செல்லப்பாண்டிக்கும் பிள்ளை இல்லை. இருக்கிற ஒரே வாரிசு கண்டியில் பிறக்கும் என்று யாருக்குத் தெரியும்? தை மாதம் கடிதம் வந்தது. உத்தமபாளையத்தில் பள்ளிக்கூட வாத்தியாராகவும் தபாலாபீசைப் பார்த்துக்கொள்பவராகவும் இருந்த இருதயம்தான் அதை வாசித்துச் சொன்னார். ராயப்பன்பட்டிப் பக்கத்து வேதக்காரர், கிறிஸ்தவர். குரலில் எப்போதும் ஒரு கண்டிப்பு இருக்கும். தோட்டத்துக் கணக்கப்பிள்ளையைக் கொண்டு மொக்கம்மாள் எழுதச் சொல்லியிருந்தாள்.

"அண்ணனுக்கு நமஸ்காரம். பயல் பிறந்து இரண்டு வருசமாகிறது. நம் அப்பன் பெயரையே சீனிச்சாமி என்று வைத்திருக்கிறோம். வைகாசியில் காது குத்து. இங்கே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், பல ஊர்ச் சனம். உனக்குப் பிறந்த வீடு என்று ஒன்று உண்டா, உண்டென்றால் ஏன் ஒரு ஈ காக்கைகூட வரவில்லை என்று கேட்கிறார்கள். கங்காணி தன் மடியில் வைத்துக் குத்தலாம் என்கிறார். நீ வருகிறாயா, இல்லை நான் அப்படியே ஒப்புக்கொள்ளட்டுமா?"

இருதயம் கடிதத்தை மடித்துக் கொடுத்தார். செல்லப்பாண்டி தன் இடது தொடையைத் தடவிக்கொண்டார். அவருக்குத் தங்கச்சி முகம்கூடச் சரியாக ஞாபகம் வரவில்லை; அழுத சத்தம் மட்டும்தான் ஞாபகம் இருந்தது. அதை நினைத்ததும் அவருக்கும் அழுகை வந்துவிட்டது.

"நடந்து போக முடியாதுன்னா, சீரையாவது தபால்ல அனுப்பலாம்ணே," என்றார் இருதயம். "கண்டிக்குப் பார்சல் போகுது."

அதைக் கேட்டுத்தான் இந்த ஊர்வலம்.

இருதயம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடிவந்தார். மேளம் நின்றது. தாம்பாளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வாழைப்பழச் சீப்பு, பூ, தேங்காய், வெற்றிலை, கருப்பட்டி, ஒரு படி நெல், மஞ்சள் கிழங்கு, சின்னப் பட்டுத்துண்டு, அதன் மேல் ஒரு ஜோடிப் பொன் கடுக்கன்.

"இது என்னண்ணே?"

"சீரு, வாத்தியாரய்யா. அனுப்புங்க."

"பழம் அழுகிரும். பூ போறதுக்கு முன்ன சருகாயிரும். கருப்பட்டி உருகி மத்தவுக காயிதத்தையெல்லாம் நாசம் பண்ணிரும். கடுக்கன், பட்டு, மஞ்சள், ஒரு கைப்பிடி நெல்லு, இம்புட்டுத்தான் போகும். அதையும் துணியில வச்சுத் தச்சு, அரக்கு முத்திரை போடணும்."

செல்லப்பாண்டி பழத்தை விட்டுக் கொடுத்தார், பூவை விட்டுக் கொடுத்தார், கருப்பட்டியைக் கூட விட்டுக் கொடுத்தார். தைப்பது என்றதும் வாழ்க்கையில் முதல்முறையாகக் கோபப்பட்டார்.

"சீரைத் தச்சு மூடுறதா? எதைத் திருடிக்கிட்டுப் போறோம் மூடிக்கிட்டுப் போறதுக்கு? தெறந்த தாம்பாளத்துல ஊரு பாக்கப் போனாத்தானய்யா அது சீரு! மூடிக் கொண்டுபோனா, மாமன்காரன் ஒண்ணுமில்லாத பொட்டணத்தக் கட்டி விட்டுட்டான்னு சொல்ல மாட்டாகளா? எந் தங்கச்சி அங்கன எந்த முகத்தை வச்சுக்கிட்டு வாங்குவா?"

தாம்பாளம் ஏந்திய பெண்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். தவில்காரர் கூடத் தலையாட்டினார். வெள்ளையம்மாள் மட்டும், பேசாத புருசன் இவ்வளவு பேசுவதைப் புதுசாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருதயம் கண்டிப்பானவரே தவிர, கல்நெஞ்சக்காரர் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு உள்ளே போய் ஒரு அச்சடித்த காகிதத்தை எடுத்துவந்தார்.

"கடல் தாண்டிப் போற பார்சல்னா, உள்ள என்ன இருக்குன்னு இந்தச் சுங்கச் சீட்டுல எழுதி மேலேயே சேத்து அனுப்பணும். சர்க்கார் உத்தரவு. நான் ஒவ்வொண்ணா எழுதுறேன். போற வழியில சுங்கத்து ஆளுக இதை எடுத்து வாசிச்சுப் பாத்துத்தான் விடுவாக. கண்டியில கொடுக்கும்போதும் இது கூடவே போகும். இதுக்கு மேல ஊரு பாக்கணுமா?"

செல்லப்பாண்டியின் முகம் மெல்ல மலர்ந்தது. "துரைமாரும் வாசிப்பாகளா?"

"கண்ணாடி போட்டுக்கிட்டு வாசிப்பாக."

"அப்ப எழுதுங்க. எழுதுறதைச் சத்தமாச் சொல்லிக்கிட்டே எழுதுங்க."

இருதயம் சொல்லிக்கொண்டே எழுதினார். கோம்பைச் செல்லப்பாண்டி தன் தங்கை மகன் சீனிச்சாமி காதுகுத்துக்கு அனுப்பும் தாய்மாமன் சீர், பொன் கடுக்கன் ஒரு ஜோடி, பட்டுத்துண்டு ஒன்று, விரலி மஞ்சள் பதினொன்று, சொந்த வயல் நெல் ஒரு கைப்பிடி. ஒவ்வொரு பொருளுக்கும் தவில்காரர் தானாகவே ஒரு தட்டுத் தட்டினார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தார்கள்.

"சரி, தைக்கத் துணி எங்கண்ணே?"

துணி கொண்டுவரவில்லை. வெள்ளையம்மாள் புருசனைப் பார்த்தாள். செல்லப்பாண்டி எதையோ கண்டுபிடித்தவர்போல விழித்தார். விறுவிறுவென்று கட்டடத்துக்குப் பின்னால் போனார். திரும்பி வரும்போது இடுப்பில் துண்டு மட்டும் இருந்தது. புது வேட்டி கையில் இருந்தது. பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"இதுல தைங்க. நான் போக முடியல. எம் மடி போகட்டும்."

"பாதி போதும்ணே, மீதியைக் கிழிச்சு..."

"கிழிக்காதீக. மடி முழுசாப் போகணும்."

வேட்டியை மடித்துத் தரையில் விரித்து அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முறிந்த கால் மடங்க மறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினார். கடுக்கனையும் பட்டையும் மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். எங்கே போனாரோ தெரியாது, கொஞ்ச நேரம் ஆள் அங்கே இல்லை. ஒருவரும் அவரை எழுப்பவில்லை. பிறகு எழுந்து வேட்டியை வெள்ளையம்மாளிடம் கொடுத்தார். அவள் கோணி ஊசியால் தைத்தாள். இருதயம் உருகிய அரக்கை மூட்டுக்கு மூட்டு ஊற்றி முத்திரை குத்தினார். மை பரவிவிடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேட்டியின் மேல் விலாசம் எழுதினார்.

பார்சல் போகிற பாதையைச் செல்லப்பாண்டி கேட்டுப் பாடம் பண்ணிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் கோம்பையில் இருந்ததாகச் சொல்ல முடியாது. மாடு நின்ற இடத்தில் நிற்கும், அவர் தபால் ஓட்டக்காரரின் சலங்கைச் சத்தத்தோடு சின்னமனூர் தாண்டிக்கொண்டிருப்பார். தண்ணீர் பாய்ச்சும்போது பெரியகுளத்து மாந்தோப்பு நிழலில் போய்க்கொண்டிருப்பார். அம்மையநாயக்கனூரில் ரயிலேறினார். ரயிலை அவர் பார்த்ததில்லை. ஆகவே அது கமலைச் சரிவில் மாடு இறங்குவதுபோல ஆடி ஆடிப் போயிற்று. தூத்துக்குடியில் கப்பலேறினார். கடலையும் பார்த்ததில்லை. மழைக்காலத்தில் நிரம்பிய கண்மாயை எடுத்து, அதன் கரைகளை மட்டும் அழித்துவிட்டார். கண்டி எளிதாக இருந்தது. மேற்கு மலை மாதிரியே ஒரு மலை, அதில் மேகம், மேகத்துக்குள் மொக்கம்மாள்.

"இன்னிக்கு எங்க இருக்கீக?" என்று வெள்ளையம்மாள் கஞ்சி ஊற்றிக்கொண்டே கேட்பாள்.

"கொழும்புல. சுங்கத்துல வாசிக்கிறாக."

வைகாசி வந்தது, போனது. ஒரு தகவலும் இல்லை. ஆனி பிறந்ததும் அவர் கனவு சுருங்கிவிட்டது. கப்பல் போன பாதையில் பொட்டலம் ஒன்று மிதப்பதே திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தது. கங்காணி மடியில் பயல் உட்கார்ந்திருப்பதும் வந்தது. அந்த நாளெல்லாம் மேகம் இறங்கியும் அவர் மேற்கே பார்க்கவில்லை. மாடுகள் வழக்கம்போல நின்றபோது வெடுக்கென்று விரட்டினார்.

ஆடி மாதம் இருதயம் ஆள் அனுப்பினார். செல்லப்பாண்டியும் வெள்ளையம்மாளும் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். மேசைமேல் அதே வேட்டி, பொட்டலமாகத் தைத்துக் கிடந்தது. விலாசம் அடிக்கப்பட்டு, பக்கத்தில் வேறு கையெழுத்து இருந்தது. செல்லப்பாண்டி அதைத் தொடவில்லை. பார்சல் சேராமல் திரும்பிவிட்டது என்றே நினைத்தார்.

"திரும்பலண்ணே. அங்கனருந்து அனுப்பியிருக்காக. பிரிங்க."

உள்ளே ஓலைப்பெட்டி நிறையத் தேயிலை இருந்தது. சீர் வந்த பாத்திரத்தை வெறுமனே அனுப்பக் கூடாது என்பதை மொக்கம்மாள் மறக்கவில்லை. வெள்ளையம்மாள் தேயிலையை முகர்ந்து பார்த்து, "இத வேக வச்சுக் கடையணுமா?" என்று கேட்டாள். பெட்டிக்குள் கடிதமும் இருந்தது. இருதயம் வாசித்தார்.

"அண்ணனுக்கு நமஸ்காரம். சீர் காதுகுத்துக்கு முதல் நாள் வந்து சேர்ந்தது. சுங்கச் சீட்டைக் கணக்கப்பிள்ளை லயத்து வாசலில் நின்று எல்லாரும் கேட்கச் சத்தமாக வாசித்தார். இனிமேல் பிறந்த வீட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். வேட்டியில் உன் வாசம் இருந்தது. மறுநாள் கங்காணி மடியை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அரிசி மூட்டைமேல் உன் வேட்டியை விரித்து, அதில் பயலை உட்கார வைத்துக் காது குத்தினோம். கடுக்கன் எடுப்பாக இருக்கிறது. வேட்டியைத் துவைக்க நேரமில்லை, அப்படியே தைத்து அனுப்புகிறேன்."

இருதயம் வாசித்து முடித்தார். செல்லப்பாண்டி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேட்டியை எடுத்துத் தோளில் போட்டார்.

வரும் வழியில் முல்லையாற்றில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட நிறுத்தினார்கள். அவர் கரையில் உட்கார்ந்து வேட்டியை மடியில் விரித்தார். மைக்கறை, ஊசித் துளைகள், அங்கங்கே அரக்குத் துணுக்குகள். நகத்தால் ஒவ்வொன்றாகச் சுரண்டி உதிர்த்தார். இடது தொடைக்கு மேலே இரண்டு துணுக்குகள் மட்டும் உதிரவில்லை. சுரண்டச் சுரண்ட அப்படியே இருந்தன. குனிந்து பார்த்தார். அரக்கு இல்லை. நூலுக்குள் ஊறிக் காய்ந்த இரண்டு சொட்டு ரத்தம், காதுக்கு ஒன்றாக.

வெள்ளையம்மாள் கையை நீட்டினாள். "கொண்டாங்க, ஒரு அலசு அலசித் தாரேன்."

செல்லப்பாண்டி வேட்டியை விடவில்லை. முறிந்த தொடையை அசைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்சம் பொறு புள்ள," என்றார். "பய இப்பத்தான் வந்து உக்காந்திருக்கான்."