எஸ்போசிட்டோ வீட்டுப் பெயர்

எங்கள் ஊர் மெர்கோங்கில் தேவதாசன் எஸ்போசிட்டோவைத் தெரியாதவர் கிடையாது. என் அக்காவின் கணவர். அரசாங்க ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே குடிவந்த எங்கள் ஆட்களில் பலருக்கு அப்பா பெயரோடு சரி. அத்தானுக்கு மட்டும் இத்தாலியக் குடும்பப் பெயர். பாட்டனுக்குப் பாட்டன் இத்தாலியப் பிரபு என்று கல்யாண வீடு, சாவு வீடு பார்க்காமல் சொல்லுவார். நல்ல கறுப்பு மனிதர். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வோம்.

ஆனால் விஷயம் சிரிப்போடு நிற்கவில்லை. அவருடைய ஒரே மகள் ஷரோன், பாடாங் செராயில் அனாதை இல்லத்தில் வளர்ந்த ஜெயகுமாரை விரும்பினாள். சம்பந்தம் என்றாலே எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது எந்த ஊர், யார் வீடு என்றுதான். அவனுடைய பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் இருக்கவேண்டிய இடம் காலி.

“குப்பையில கெடந்தவனுக்கு எஸ்போசிட்டோ வீட்டுப் பொண்ணா?” என்று அவன் முகத்துக்கு நேராகவே கேட்டார் அத்தான்.

இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு குருணுக்குப் போய்விட்டார்கள். மூன்று வருடம் கழித்து அக்கா இறந்தாள். ஷரோன் அழுதுகொண்டு ஓடி வந்தாள். அத்தான் கேட்டைப் பூட்டச் சொன்னார். பூட்டியவன் நான்தான். தாயின் முகத்தைப் பார்க்காமலே அவள் திரும்பிப் போனாள். அதை நினைத்து இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

சென்ற வருடம் அத்தானுக்குக் குடும்ப வரலாறு எழுதும் ஆசை வந்தது. யாழ்ப்பாணத்துக் கோயிலுக்கு எழுதி, பழைய ஞானஸ்நானப் பதிவைக் கேட்டார். அங்குள்ள பங்குச் சாமியார் விளக்கமாகவே பதில் போட்டிருந்தார். முதல் எஸ்போசிட்டோ, கோயில் வாசலில் யாரோ போட்டுவிட்டுப் போன குழந்தை. அப்போது இருந்த இத்தாலியச் சாமியார் எடுத்து வளர்த்து, தன் குடும்பப் பெயரைக் கொடுத்திருக்கிறார். அதுவும் பிரபுக்களின் பெயர் அல்ல. நேப்பிள்ஸில், பெற்றவர்கள் கைவிட்ட பிள்ளைகளுக்கு ஒரு காலத்தில் வைத்த பெயராம்.

அத்தான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், “காரை எடு, குருணுக்குப் போவோம்” என்றார்.

ஷரோன் கம்பிக் கதவைத் திறக்கவில்லை. இடைவெளி வழியாகக் கடிதத்தை வாங்கி நின்றபடியே படித்தாள்.

“நம்ம வம்சமும் அப்படித்தான்மா வந்திருக்கு,” என்றார் அத்தான். “ஜெயகுமார்கிட்ட மன்னிப்பு கேக்கணும்.”

“இதுல பிரபுன்னு எழுதியிருந்தா வந்திருப்பீங்களாப்பா?”

பதில் அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவள் கடிதத்தை மடித்து அவரிடமே நீட்டினாள். “மாமா, அப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போங்கலா. எங்க வீட்டுக்காரரு வர்ற நேரமாச்சு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.