கதைக்காத பிள்ளையின் கோப்பை

பிள்ளைகளே, எங்கள் குசினியில் அடுப்புக்கு மேலே சுவரில் ஒரு நீலக் கோப்பை தொங்குவதை நீங்கள் சிறுவயது முதல் காண்கிறீர்கள். விளிம்பில் சிறிது உடைந்தது. உள்ளே தேநீர்க் கறை படிந்து, எவ்வளவு தேய்த்தாலும் போகாமல் மண்ணிறமாகக் கிடக்கிறது. எறிந்துவிடும்படி அம்மா பலமுறை சொல்லிவிட்டார். நான் அதை முதலில் கண்டபோது உள்ளே ஒரு கறையும் இருக்கவில்லை. அன்றைக்கு அதுதான் பிரச்சினையே.

அது உங்கள் சின்னம்மாவின் கோப்பை. எழுபதுகளின் நடுவில், நானும் உங்கள் அம்மாவும் சிட்னியில், ஸ்ட்ராத்ஃபீல்டில் வாடகை வீட்டில் இருந்த காலம். யாழ்ப்பாணத்தில் நல்ல புள்ளிகள் எடுத்தும், தரப்படுத்தலால் அம்மாவின் தங்கைக்குக் கம்பஸில் படிக்க இடம் கிடைக்கவில்லை. சிட்னியின் ஒரு கரையில் இருந்த சின்னக் கல்லூரி ஒன்று இடம் கொடுத்தது. சரித்திரமும் இலக்கியமும் படிப்பிக்கிற இடம். ஒரு கல்லுக் கட்டடம், முன்னால் பெரிய புல்வெளி. சரித்திரம் படிக்கவோ இவ்வளவு தூரம் வந்தவள் என்று எங்கள் சிநேகிதர்கள் சிரித்தார்கள். ஒரு பாடத்தில் தவறினாலும் விசா போய்விடும், ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். விமான நிலையத்தில் அவளுடைய அப்பா, அதாவது என் மாமா, ஒரேயொரு புத்திதான் சொல்லி அனுப்பினாராம்: "பிள்ளை, நீ கதைக்கப் போகேல்லை, படிக்கப் போறாய். மறந்திடாதை."

அவள் மறக்கவில்லை. வியாழக்கிழமைகளில் வேலை முடிந்து அவளை ஏற்றப் போவேன். புல்வெளியில் பெடியன்களும் பெட்டைகளும் படுத்துக் கிடந்து கிற்றார் வாசிப்பார்கள், எதையோ பிடித்துச் சண்டை போடுவார்கள். இவள் நூலகத்திலிருந்து புத்தகங்களை அணைத்துக்கொண்டு, புல்லில் கால் படாமல் ஓரத்தால் சுற்றி வருவாள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு வியாழன், அவள் வருவதற்கு முன் நரைத்த தலையுடன் ஒரு வெள்ளைக்கார அம்மா காருக்குப் பக்கத்தில் வந்தார். அவளுடைய சரித்திர விரிவுரையாளர். கையில் இந்தக் கோப்பை. தன் அறைச் சுவரில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கோப்பை தொங்குகிறது என்றும், இது மட்டும் ஒருநாளும் நனைந்ததில்லை என்றும் சொல்லி, அதைச் சரித்து உள்ளே காட்டினார். என்னுடைய ஆங்கிலம் தொழிற்சாலை ஆங்கிலம். அவருடைய தேநீரை இவள் மறுத்து அவமதித்துவிட்டாள் என்று விளங்கிக்கொண்டு, இனிக் குடிப்பாள், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டார். பிறகு மெல்ல மெல்ல எடுத்துச் சொன்னார். அந்தத் தேநீர் நேரம்தான் வகுப்பு. இவள் கட்டுரையில் புத்தகங்கள் சொல்வதெல்லாம் இருக்கிறது, இவள் சொல்வது ஒன்றும் இல்லை. இப்படியே வராமல் விட்டால் தன்னால் சித்தியடையச் செய்ய முடியாது.

வீட்டில் அம்மா நம்பவில்லை. "தேத்தண்ணி குடிக்காட்டியும் பெயில் விடுவினமோ இந்த ஊரிலை?" என்றார். சின்னம்மா கதிரையில் உட்கார்ந்து அழுதாள்.

"அது பாடமெண்டு எனக்குத் தெரியாது, அத்தான். முதல் கிழமை போனனான். எல்லாரும் நிலத்திலை இருந்து பிஸ்கற் சாப்பிட்டுக்கொண்டு கதைக்கினம். ஒரு பெடியன் ரீச்சருக்கு நேரா காலை நீட்டிக்கொண்டு, அவவைப் பேர் சொல்லிக் கூப்பிடுறான். இது பொழுதுபோக்கு எண்டு நினைச்சு லைப்ரரிக்குப் போயிட்டன்."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எங்கள் வகுப்பில் வாத்தியார் சொல்வார், நாங்கள் எழுதுவோம். வாய் திறந்தால் அடி. அவளுக்கு என்ன புத்தி சொல்ல? இங்கே கதைக்காவிட்டால் படிப்பே இல்லையாம், அடுத்த கிழமை போய்க் கதை என்று மட்டும் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்ன கதைக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை, அத்தான். நீ என்ன நினைக்கிறாய் எண்டு என்னை ஒருத்தரும் கேட்டதில்லை."

அடுத்த வியாழன் அவள் வர நேரமாகிவிட்டது. விசா, விமானம், மாமாவின் முகம் எல்லாம் என் கண்ணுக்குள் வந்துபோயின. பார்த்தால், புல்வெளிக்கு நடுவால் வருகிறாள். கூட இரண்டு பெட்டைகள். மூவரும் ஒரே நேரத்தில் கதைக்கிறார்கள். காரில் ஏறி, புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"ரீச்சர் சொன்னது பிழையெண்டு சொல்லிப்போட்டன், அத்தான்."

காரை ஓரமாக நிறுத்தினேன். எதைப் பிழையென்றாய் என்று கேட்டேன். தேயிலைத் தோட்டங்களைப் பற்றி விரிவுரையாளர் ஒரு புத்தகத்தைப் புகழ்ந்தாராம். கொழுந்து கிள்ளுகிறவர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை, அப்படியென்றால் அது எப்படிச் சரித்திரம் என்று இவள் கேட்டாளாம்.

"அதுக்கு அவ என்ன செய்தவ?"

"என்ரை கோப்பையை நிரப்பினவ."

அந்த ஆண்டு அவள் தப்பினாள். போகாத கிழமைகள் புள்ளிகளைத் தின்றுவிட்டன, மட்டுமட்டாகத்தான் சித்தியடைந்தாள். அடுத்த ஆண்டு நாடகம், கூட்டம் என்று திரிந்து எங்களுக்குப் பயம் காட்டினாள். புல்வெளியில் கிற்றார் வாசித்த பெடியன் படிப்பை முடிக்காமலே போய்விட்டான், அதையும் சொல்லத்தான் வேண்டும். கல்லூரியை விட்டு வந்த நாளில் இந்தக் கோப்பையை என்னிடம் தந்து, காரில் காத்திருந்ததற்கு என்றாள்.

இப்போது மூத்தவளே, உனக்கு இரண்டு இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று பேர் பெற்ற பெரிய பல்கலைக்கழகம், மற்றது மெல்பேர்னில் ஒரு சின்னக் கல்லூரி. கடும் படிப்பா, ஆட்களோடு கூடிக் கதைக்கிற கல்லூரிச் சீவியமா என்று நானும் அம்மாவும் ஒரு கிழமையாக எங்களுக்குள்ளேயே வாதாடுகிறோம். நேற்றுச் சின்னம்மாவுக்குப் போன் எடுத்து எது நல்லது என்று கேட்டேன். "மூத்தவள் என்ன சொல்லுறாள், அத்தான்?" என்று திருப்பிக் கேட்டாள்.

கோப்பையைக் கழுவி வைத்திருக்கிறேன். தேத்தண்ணி ஊற்றுகிறேன், வந்து இரு. நீ இங்கிலிஷில் கதைத்தாலும் பரவாயில்லை.