பாவுக்கு நின்ற பஸ்

கோடு போட்ட இடத்தில் ஒருவர் சாலையில் இறங்கிவிட்டால், அவர் கடந்து முடிக்கும்வரை வண்டிகள் நிற்க வேண்டும். விதி அப்படித்தான் சொன்னது. காஞ்சிபுரத்தில் எங்கள் தெருமுனையில் கோடும் இருந்தது, விதியும் இருந்தது. நிற்கிற வண்டிதான் இல்லை.

எழுபதுகளில் அந்த முனைக்கு மின்சார சிக்னல் வந்தது. கம்பத்தடியில் ஒரு கான்ஸ்டபிள் நின்று சுவிட்சைத் திருப்புவார். ஒரு சாலைக்குப் பச்சை, பிறகு மற்றொரு சாலைக்குப் பச்சை. நடப்பவனுக்கும் சைக்கிள்காரனுக்கும் என்று தனியாக ஒன்றும் கிடையாது. எது சிவப்பானாலும் மறுபக்கத்து பஸ் வளைந்து நம் மேல் வரும். சர்க்கார் ஆபீஸில் வேலை பார்த்த நான், கையெழுத்துக்குக் காத்திருக்கும் கோப்பு போல, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தினமும் அங்கே நிற்பேன்.

எனக்குத் தாமதம்தான் நஷ்டம். எதிர்வீட்டு நெசவாளிக்குத் தறியே போய்விடும் போலிருந்தது. சிறுவயதிலேயே அவருக்கு இடது கால் சூம்பிவிட்டது. அவர் நெய்யும் தறி சாலைக்கு அந்தப் பக்கம், முதலாளி வீட்டில். பாதி தூரம் போவார், பஸ் வரும், திரும்பிவிடுவார். வெயில் ஏறிய பிறகுதான் அக்கரை சேர்வார்.

“இந்த மாசம் பார்ப்பேன்னு சொல்லிட்டாரு சார் முதலாளி. அப்புறம் தறியை வேற ஆளுக்கு வுட்டுடுவாராம்” என்றார்.

நான் மனு எழுதினேன். நடப்பவர்களுக்கென எல்லாப் பக்கமும் சற்று நேரம் சிவப்பு வேண்டும் என்று கேட்டேன். விதியின் எண், வரைபடம், நகல், ஒப்புகை அட்டை என்று ஒரு குறையும் வைக்கவில்லை. மனு சுற்றத் தொடங்கியது. கம்பம் ஓர் இலாகா, விளக்கு ஓர் இலாகா, சுவிட்சைத் திருப்பும் கை வேறோர் இலாகா. நடப்பவன் எந்த இலாகாவிலும் சேர்த்தியில்லை.

இப்படியிருக்கையில் ஒரு நாள் காலை, தெருவில் நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைத்த பாவு ஒன்றை, சேலைக்கான நெடுக்கு இழைகள் அத்தனையையும், தடியில் சுருட்டி, வேட்டியால் போர்த்தி, இரண்டு பேர் தோளில் சுமந்து சாலையில் இறங்கினார்கள். வாலாஜாபாத் பஸ் நின்றது. பின்னால் வந்த லாரியும் ஹாரன் அடிக்காமல் நின்றது. எங்கள் ஊரில் மனிதனை உரசிவிட்டுப் போகலாம். பட்டுப் பாவை உரசினால் ஒரு தெருவே எழுந்து வரும். அறுந்த இழைகளை முடிய யாரால் ஆகும்? நான் சைக்கிளோடு பாவின் பின்னால் நுழைந்து அக்கரை சேர்ந்தேன். ஆபீஸுக்கு நேரத்தில் போன என்னை எல்லோரும் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

அன்று மாலை நெசவாளியிடம் யோசனையைச் சொன்னேன்.

“பாவு இல்லாமலா சார்?”

“தடி இருக்கு. பழைய வேட்டி இருக்கு. உள்ளே என்ன இருக்குன்னு எந்த டிரைவர் இறங்கி வந்து பார்க்கப்போறான்?”

“நல்லா கேளுங்க சார்” என்றார் அவர் மனைவி. “பாவுன்னா நிக்கிறானுங்க. இவரு நடந்துக்கினு போனா மனுசனாத் தெரியல.”

மறுநாள் அந்த அம்மாள் முன்முனையைத் தோளில் வைத்துக்கொண்டார். இவர் பின்முனையைப் பிடித்துக்கொண்டார். தடி அவருக்குப் பிடிமானமாகவும் ஆயிற்று. அவர் காலை இழுத்து நடந்தது, பட்டுக்காகப் பதமாக நடப்பது போலவே இருந்தது. பஸ் நின்றது. சில நாட்களில் கூடைக்காரிகளும் பள்ளிப் பிள்ளைகளும் சைக்கிள்காரர்களும் பின்னால் சேர்ந்துகொள்ள, அது ஒரு சிறிய ஊர்வலமானது.

வாலாஜாபாத் டிரைவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஒரு நாள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“இன்னாம்மா, தினம் ஒரு பாவா? ஊருக்கே நீங்கதான் பொடவை நெய்றீங்களா?”

“உன் பொண்ணு கல்யாணத்துக்குத்தான்பா. கொஞ்சம் நில்லு.”

“சரி போங்க. எது நெசம் எது பொய்னு நான் வண்டி ஏத்தியா பார்க்க முடியும்?”

நெசவாளி வெயிலுக்கு முன்பே தறியில் உட்கார்ந்தார். முதலாளி வேறு ஆள் தேடுவதை விட்டுவிட்டார். மனுவை மட்டும் நான் விடவில்லை. நினைவூட்டு, மறு நினைவூட்டு என்று முறைப்படி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் கான்ஸ்டபிள் சொன்னார்: “ஜீப்புல ஒருத்தர் வந்தார் சார். டீக்கடையில நின்னு, நீங்க எல்லாரும் கிராஸ் பண்றதைப் பார்த்துக்கினே இருந்தார். ரொம்ப சந்தோஷமாப் போனார்.”

அந்தச் சந்தோஷம் எனக்குப் பிடிக்கவில்லை.

பயந்தபடியே பதில் வந்தது. நேரடி ஆய்வில், மேற்படி முனையில் வாகனங்கள் தாமாகவே நின்று பாதசாரிகளுக்கும் சைக்கிள்களுக்கும் வழிவிடுவது கண்டறியப்பட்டதால், தனி ஏற்பாடு தேவையில்லை. பிற ஊர்களும் இம்முனையைப் பின்பற்றலாம் என்றும் ஒரு வரி இருந்தது.

நெசவாளிக்குப் படித்துக் காட்டினேன். சிரித்து முடிக்க அவருக்குச் சிறிது நேரம் ஆயிற்று.

“அப்போ நாளைக்கும் தடியைத் தூக்கணுமா சார்?”

“தூக்கணும். இப்போ அது அரசாங்கமே ஒப்புக்கொண்ட ஏற்பாடு.”

ஊரே சாலையில் நடந்ததால் ஒரு வண்டிகூட உள்ளே வராத, கான்ஸ்டபிள் சிக்னலை அணைத்துவிட்டு சுவாமி பார்க்கப் போயிருந்த, வைகாசி கருடசேவை நாளன்று அந்தப் பதில் என் கைக்கு வந்தது.